பேனாவை மூடி வைத்துக் கேட்டவர்

அந்த ஜட்ஜம்மா பெயர் எனக்குத் தெரியாது. நரைத்த தலை, ஒல்லி உடம்பு. யார் பேசினாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துக் கேட்பார்.

என் மருமகள் பெங்களூரில் பெரிய சம்பளக்காரி. விவாகரத்து கேட்டிருந்தாள். வேலையில்லாத என் மகன் அவளிடம் ஜீவனாம்சம் கேட்டான். "பிள்ளைக்கு ஒரு வேலையும் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று வக்கீல் எனக்குப் பாடம் சொல்லித்தான் கூட்டிப்போனார்.

ஜட்ஜம்மா பேனாவை மூடி வைத்தார். "உங்க மகனுக்கு ஒண்ணுமே தெரியாதாமே, நிஜமாம்மா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு சொன்னது? வெல்டிங்கு, ஒயரிங்கு, மோட்டாரு எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆண்டர்சன்பேட்டையில கேட்டுப் பாருங்க. தங்கச் சுரங்கத்துல, ஷாப்டுல எறங்கின மனுசனுக்குப் பொறந்தவம்மா அவன்!"

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். உழைக்கத் தெரிந்தவனுக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று தீர்ப்பாயிற்று.

"நல்லா சொன்ன போம்மா சாட்சி" என்றான் மகன்.

எனக்கோ அந்த அம்மா மேல் கோபமே வரவில்லை. சட்டம் படித்துத் தெரிந்துகொண்டிருப்பார், சரி. நாலு பேர் முன்னால் பெற்ற பிள்ளையைக் கையாலாகாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பதை எங்கே படித்தாரோ!