எஞ்சினுக்கு எதற்கு நல்ல தண்ணீர்?

யுத்தம் முடிந்ததும் வாப்பா மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார். நான் கரைத்தீவிலேயே தங்கி, பழைய வேன் ஒன்று ஓட்டுகிறேன். எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர். குடிக்க மட்டும் கேனில் நல்ல தண்ணீர் வாங்குவோம். அகதி முகாமில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு, அதை எஞ்சினுக்கு ஊற்றுவது பாவமாகவே பட்டது. ரேடியேட்டருக்குத் தினமும் கிணற்றுத் தண்ணீர்தான்.

ஒருநாள் காலை தம்பி அழைத்தான். "நானா, வாப்பா மௌத்தாகிட்டாங்க. பகல் லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். சுருக்கா வாங்க."

பிள்ளைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் புறப்பட்டேன். எலுவன்குளம் தாண்டிக் காட்டுப் பாதையில் எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பியது. ஆறவிட்டு, பிள்ளைகளின் குடிதண்ணீரில் கொஞ்சம் ஊற்றினேன். சற்றுத் தூரத்தில் மறுபடியும் கொதித்தது. அவ்வழியே வந்த லொறிச் சாரதி ஒருவர், சூடு தணிந்ததும் மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்ன தண்ணி ஊத்துற நீங்க?"

"ஊட்டுக் கிணத்துத் தண்ணி."

"உப்புப் பிடிச்சி உள்ளெல்லாம் அடைச்சிரிக்கி நானா. இனி நின்டு நின்டுதான் போகணும்."

அப்படியே போனோம். போய்ச் சேர மாலை அஸர் தொழுகையும் தாண்டிவிட்டது.

"லுஹர் தொழுத பொறகும் கொஞ்ச நேரம் அடக்காம வெச்சிப் பாத்தோம் நானா," என்று தம்பி அழுதான். வாப்பாவின் கப்று மண்ணில் தெளித்த தண்ணீர் காய்ந்திருந்தது. போத்தலில் மிஞ்சியிருந்த நல்ல தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன்.

ரேடியேட்டரை மாற்றிவிட்டேன். இப்போது கேன் வந்ததும் முதல் போத்தல் வேனுக்குத்தான். எவ்வளவு ஓடினாலும் அது கொதிப்பதில்லை. விரைந்து போய்ப் பார்க்க மன்னாரில் வாப்பாதான் இல்லை.