போகும்போது நான், வரும்போது மச்சான்

ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டிகளை வெட்டித்தான் என் மூன்று விமானங்களையும் செய்தேன். கொழும்பில் வாங்கிய சின்ன மோட்டார் ஒன்று, ரிமோட் ஒன்று. இரண்டு இறக்கைகளின் பின்விளிம்பிலும் அசைகிற பட்டைகள். ரிமோட்டின் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் இடது பட்டை எழும்பும், வலது பட்டை இறங்கும். உடனே இடது இறக்கை தாழ்ந்து, வலது இறக்கை உயர்ந்து, விமானம் சரிந்தபடி இடப்பக்கம் திரும்பும். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, வாயால் சொல்லும் வரைக்கும்.

முதல் விமானத்தை உடைத்தவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். தாழ்வுபாடு கிராமத்தில் மீன்பிடி போட் ஓட்டுகிறவர். போட் எஞ்சினின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் போட் வலப்பக்கம் போகும். அந்தப் பழக்கத்தில், எங்களை விட்டுத் தள்ளிப் பறந்த விமானத்தை வலப்பக்கம் திருப்ப நினைத்துக் குச்சியை இடப்பக்கம் தள்ளி, நேரே பனைக்குள் செருகினார். நான் ஏசாத ஏச்சில்லை.

இரண்டாவதை உடைத்தது நான். விமானம் எங்களை நோக்கி வரும்போது அதன் இடப்பக்கம் என் வலப்பக்கம். இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவனும் நானே. கை கேட்கவில்லை. மச்சான் ஏசவில்லை, சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இதுவும் உடைஞ்சா இந்த விளையாட்டை விட்டிட வேணும்" என்றாள் மனைவி, மூன்றாவதைப் பார்த்து. நானும் வீம்புக்கு "ஓம்" என்றுவிட்டேன்.

அன்று விமானம் கடலுக்கு மேலே அழகாகப் போய்த் திரும்பியது. வரும் வழியில், கரையில் இழுத்து வைத்திருந்த போட்டுகள் பக்கம் காற்று அதைத் தள்ளியது. எங்கள் வலப்பக்கம் திருப்ப வேண்டும். குச்சியை எந்தப் பக்கம் தள்ளுவது?

"இஞ்ச தாங்கோ!" மச்சான் ரிமோட்டைப் பறித்தார். குச்சியை இடப்பக்கம் தள்ளினார். விமானம் எங்கள் வலப்பக்கமாகச் சரிந்து, போட்டுகளை விலத்தி, மணலில் மெல்ல வந்து இருந்தது.

"என்னெண்டு செய்தனீங்கள் மச்சான்?"

"எனக்கென்ன தெரியும்? போட்டைத் திருப்புற மாதிரித்தான் திருப்பினனான்."

முதல் விமானத்தை உடைத்த அதே கைப்பழக்கம், எங்களை நோக்கி வருகிற விமானத்துக்குச் சரியாகிவிட்டது! சந்தோசம் தாங்காமல் மீன்வாடையோடு அவரைக் கட்டிப்பிடித்தேன்.

இப்போதும் அப்படித்தான் பறக்க விடுகிறோம். போகும்போது ரிமோட் என் கையில். கடலுக்கு மேலே திரும்பியதும் அவர் கையில்.

"ஒரு சின்னப் பிளேனுக்கு ரெண்டு பேரோ?" என்று கேட்டாள் மனைவி.

"ஓம் தங்கச்சி" என்றார் மச்சான். "உன்ர மனுசனுக்கு அனுப்பத்தான் தெரியும். கூட்டிக்கொண்டு வாறது நான்."