தின்றுகொண்டே இளைத்த கிளிகள்

நன்றாகத் தின்றுகொண்டே ஓர் உயிர் இளைத்துச் சாக முடியும் என்று எனக்கு முன்பு தெரியாது. எங்கள் வீட்டுக் கிளிகள் அப்படித்தான் செத்தன, ஒன்றன்பின் ஒன்றாக, எழுபதுகளின் கடைசியில், ஒன்றரை வருடத்துக்குள். நான் வேலைக்குப் போவதுதான் காரணம் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் நம்பினேன். அவர்கள் சொன்னதை விட்டுவிடலாம், நான் நம்பியதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

அப்போது நான் உசிலம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு கோச்சடையில். காலையில் ஆறரைக்குக் கிளம்பி, காளவாசல் வரை நடந்து, அங்கே உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நின்றால் ஏறலாம். பல நாள் நிற்காமலே போய்விடும், அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். சாயங்காலம் திரும்பி வரும்போது தலைமுடி, சேலை, டிபன் டப்பா எல்லாவற்றிலும் புழுதி. வந்ததும் காலைக் கழுவிவிட்டு நேராக அடுப்படி. வீட்டில் நான், என் கணவர், அவருடைய அம்மா, மூன்று பேர்தான். கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் பிள்ளை இல்லை. அதனால் நான் வேலைக்குப் போவதைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. என் கணவர் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க். அவருக்குக் கோபமே வராது. எதையும் நேராகச் சொல்லவும் வராது. நேராகச் சொல்கிற மனிதரோடு ஒருவர் சண்டையாவது போடலாம்.

முதல் இரண்டு கிளிகளையும் கொண்டுவந்தது நான்தான். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா, தன் காட்டில் பட்டுப்போன பனை ஒன்றை வெட்டியிருக்கிறார். பொந்துக்குள் இரண்டு குஞ்சுகள். மறுநாள் அவரே ஒரு நார்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, "டீச்சர் வளத்தா நல்லா பேசும்" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இறகு முளைக்காத, பார்க்கச் சகிக்காத இரண்டு உருப்படிகள். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பொட்டுக்கடலை மாவைப் பாலில் குழைத்து விரலால் ஊட்டினேன். நான் இல்லாத பொழுதில் அத்தை ஊட்டினார். நான் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் கிளிகள்மேல் வைத்திருந்த பாசத்தில் பொய் கிடையாது. கோவைப்பழம் பறிக்க வாய்க்கால் கரை வரை நடந்து போவார்.

இரண்டும் பெரிதாகி, பச்சைப்பசேல் என்று ஆகி, ஆண் கிளிக்குக் கழுத்தில் வளையம் விழுந்து, பிறகும் நன்றாகத்தான் இருந்தன. ஒரு கோடையில்தான் ஆண் கிளியைக் கையில் எடுத்தபோது என் கட்டைவிரலில் அதன் நெஞ்செலும்பு தட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் சதை வற்றி, நடு எலும்பு மட்டும் அரிவாள்மணை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அது முன்பைவிட அதிகமாகத் தின்றது. ஊறவைத்த கடலை வைத்தால் கிண்ணத்தை விட்டுத் தலையைத் தூக்காது. கூண்டுக்கு அடியில் விரித்த காகிதத்தை நான் மாற்றும்போது, எச்சத்தில் நெல் முழுசு முழுசாகக் கிடந்தது. அளவுக்கு மீறித் தின்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏங்குது" என்றார் அத்தை. "காலையில போனா பொழுது சாஞ்சுதான் மூஞ்சியப் பாக்குது. வாயில்லாச் சீவன். ஏங்காம என்ன செய்யும்?"

எங்கள் பக்கத்தில் இது வெறும் பேச்சில்லை, ஒரு வியாதியின் பெயர். பால் மறந்த பிள்ளை இளைத்தால் ஏக்கம். தம்பி பிறந்த பிறகு மூத்தது இளைத்தால் ஏக்கம். கன்று செத்த மாடு இளைத்தாலும் ஏக்கம்தான். ஏக்கத்துக்கு மருந்து கிடையாது, ஏங்கவிட்டவள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து கூண்டைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஓமத் தண்ணீர் கொடுத்தோம், மஞ்சள் தண்ணீர் கொடுத்தோம். கோயிலில் மந்திரித்த திருநீறு கொண்டுவந்து தலையில் தடவினார் அத்தை. ஒரு திங்கட்கிழமை காலை நான் தலை சீவிக்கொண்டிருந்தபோது அது கூண்டின் தரையில் கிடந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முருங்கை மரத்தடியில் அவசர அவசரமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, நகக்கண்ணில் மண்ணோடு போய் ஐந்தாம் வகுப்புக்குப் பெருக்கல் கணக்கு நடத்தினேன். அழக்கூட நேரமில்லாத வாழ்க்கை அது.

பெண் கிளி ஒற்றையாகிவிட்டது. ஜோடி இல்லாத கிளி ஏங்கிச் செத்துப்போகும் என்பதில் தெருவில் இரண்டாவது கருத்து இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் சந்தைக்குப் போய் ஒரு ஆண் கிளி வாங்கி வந்தேன். கொழுத்து, கண் பளபளவென்று, கையைக் கொத்தி ரத்தம் வரவைத்த கிளி. அதைப் பழைய கூண்டிலேயே விட்டேன். அதே கிண்ணம், அதே தண்ணீர்த் தொட்டி. இரண்டும் தலையோடு தலை வைத்துத் தின்றதைப் பார்த்து நாங்கள் மூவரும் சந்தோஷப்பட்டோம்.

இரண்டு மாதத்தில் பெண் கிளியின் நெஞ்செலும்பு தட்டுப்பட ஆரம்பித்தது. "பழைய ஜோடிய நெனச்சு ஏங்குது" என்றார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயாவது கூட இருந்தா தேறும்" என்றார். என் கணவர் தினசரியை மடித்து வைத்துவிட்டு, "ஒரு வருசம் வேண்ணா வீட்ல இருந்து பாரேன்" என்றார். ஏதோ சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று கேட்பதுபோலச் சொன்னார். பெண் கிளியும் செத்தது.

அப்போது எனக்கு உடம்பில் தெம்பே இல்லை. பஸ்ஸும் புழுதியும் அடுப்பும் பழகிவிட்டவை, அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாளும் வீட்டை விட்டு இறங்கும்போது ஏதோ தப்புச் செய்துவிட்டுப் போகிறவள் போலப் போனேனே, அதுதான் என்னை அரித்தது. மூன்றாவது கிளி, அந்தச் சந்தைக் கிளி, இளைக்கத் தொடங்கியதும் நானே ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்தேன். பகல் முழுவதும் கூண்டுக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். பேசினேன். கையால் ஊட்டினேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே, என் கையிலிருந்து வாங்கித் தின்றுகொண்டே, என் கண் முன்னாலேயே வற்றியது.

இதைப் பார்த்தாவது அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அத்தை சொன்னார்: "ஒடம்பு இங்க இருந்து என்ன? மனசு பள்ளிக்கூடத்துலதான கெடக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். லீவு முடிகிற அன்று அனுப்பலாம் என்று பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தேன்.

அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு முயற்சி. கிளியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சினை மாடுகளுக்கும் கால் ஒடிந்த ஆடுகளுக்கும் நடுவில் வரிசையில் நின்றேன். ஒருவர், "என்ன தாயி, கிளிக்கு ஊசியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முறை வருவதற்குள் துண்டுக்குள் அசைவு நின்றுவிட்டது.

டாக்டர் நடுவயதுக்காரர். காலையிலிருந்து மாடு பார்த்துக் களைத்த முகம். "கோழின்னா எனக்குத் தெரியும்மா. கிளி அவ்வளவா பாத்ததில்ல" என்றார். நான் நகராமல் நின்றதைப் பார்த்து, "அறுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். சரி என்றேன்.

வயிற்றைத் திறந்து காட்டினார். இரைப்பை ஊதி, தோல் மெலிந்து, உள்ளே கடலையும் நெல்லும் நான் காலையில் ஊட்டியபடியே கிடந்தன. "பாத்தீங்களா? தின்னது அம்புட்டும் அப்படியே இருக்கு. ஒண்ணும் செரிக்கல, ஒடம்புல ஒட்டல. வயிறு நெறைய வச்சுக்கிட்டுப் பட்டினியில செத்திருக்கு."

"ஏக்கத்துல இப்படி ஆகுமா டாக்டர்?"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏங்குன சீவன் தின்னாதும்மா. இது இம்புட்டுத் தின்னுருக்கே."

நான் அறிவியலும் சேர்த்து நடத்துகிறவள். எச்சத்தில் முழு நெல்லை மாதக்கணக்கில் என் கையாலேயே வாரிப் போட்டவள். எனக்கு இது தோன்றவில்லை.

"இதுக்கு முன்னாடி ஏதும் செத்துச்சா? அதே கூண்டா?" என்று கேட்டார்.

"அதே கூண்டுதான். கிண்ணமும் அதேதான்."

"நோயோட பேரு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தொத்தியிருக்கு. கூண்டத் தூக்கி எறிஞ்சிருங்க. புதுசு எதுவும் வாங்கி வச்சிராதீங்க."

வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது நிம்மதி, வெட்கமில்லாத நிம்மதி. நான் வேலைக்குப் போனதால் எதுவும் சாகவில்லை. அதற்குப் பின்னால்தான் மற்றது உறைத்தது. கையைக் கொத்தி ரத்தம் வரவைத்த அந்தக் கிளியை, துணைக்கு என்று சொல்லி, நோய்க்குள் கொண்டுபோய் விட்டது நான்.

வீட்டுக்கு வந்தால் கூண்டில் ஒரு கிளி இருந்தது. புதுசு. பழைய கிண்ணத்தில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது. "அது பொழைக்காதுன்னு தெரியும். வெறுங்கூண்டப் பாத்தா நீ சங்கடப்படுவியேன்னுதான்" என்றார் என் கணவர். அன்பாகத்தான் சொன்னார். நான் தெருவே கேட்கும்படி கத்தினேன். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாட்டு டாக்டருக்குக் கிளியப் பத்தி என்ன தெரியும்?" என்றார். அத்தை என்னிடம் பேசவில்லை, சுவரிடம் பேசினார்: "வேலைக்குப் போகணும்னு முடிவு பண்ணியாச்சு. இனி டாக்டரு சொல்லுவாரு, கலெக்டரும் சொல்லுவாரு."

பீரோவைத் திறந்து கடிதத்தை எடுத்து, கிழித்து, அடுப்பில் போட்டேன். கூண்டையும் கிண்ணத்தையும் குப்பைமேட்டில் எறிந்தேன். கிளியைக் கவிழ்த்த கூடைக்குள் விட்டேன். திறந்து விட்டுவிடலாமே என்றார் கணவர். வைகைக் கரைத் தென்னந்தோப்புகளில் சாயங்காலமானால் எத்தனை கிளிகள் வந்து அடைகின்றன என்று அவருக்குத் தெரியாதா? இதற்கும் தொற்றியிருந்து, இது போய் அவற்றோடு சேர்ந்தால்? அதனால் வைத்துக்கொண்டோம். லீவு முடிந்த அன்று நான் வேலைக்குப் போனேன்.

தினமும் காலையில் கிளம்பும் முன் அதன் நெஞ்சைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். நான்கு மாதம் சதை இருந்தது. ஐந்தாவது மாதம் எலும்பு தட்டியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களுக்கும் கண் இருந்தது. அத்தை மறுபடியும் அந்த வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் பதில் பேசுவதை விட்டுவிட்டேன். ஒரே வழக்கை எத்தனை தடவை வாதாடுவது?

அரையாண்டுப் பரீட்சை தொடங்குகிற நாள் அது கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்தது. நான் போகாமலிருந்தால் பரீட்சை நின்றுவிடாது, வேறு ஒரு டீச்சர் பார்த்துக்கொள்வார். ஆனால் நான் உட்கார்ந்தால் அது பிழைக்கப்போவதும் இல்லை. உட்கார்ந்தேன் என்றால், இத்தனை நாளும் அவர்கள் சொன்னது சரி என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டேன். "போயிட்டு வாரேன்" என்றேன். கல்நெஞ்சுக்காரி என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினால், என் கணவர் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் அங்கே வந்து நின்றதில்லை. சட்டை கசங்கி, வேட்டியெல்லாம் எச்சமும் நெல்லுமாக இருந்தது.

"ஆபீசுக்குப் போகல" என்றார். "நீ போனதும் எடுத்து மடியில வச்சேன். கீழ எறக்கவே இல்ல, பேசிக்கிட்டேதான் இருந்தேன். ரெண்டு மணி வரைக்கும் கையில வாங்கித் தின்னுச்சு. தின்னுக்கிட்டு இருக்கும்போதே தலையச் சாச்சிருச்சு."

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ வேலைக்குப் போனதுனால இல்ல" என்றார்.

ஒரு பகல் முழுக்க ஒரு கிளி அவர் மடியில் கிடந்து செத்த பிறகுதான் இந்த வார்த்தை வந்தது. இதற்காக அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. டிபன் டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க அந்த ரோட்டோரத்தில் நின்று அழுதேன்.