கை காட்டினால் நின்ற வண்டி

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறும்போது தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் மரக்கட்டைகளிலிருந்து கீல் கசிந்து, மூக்கைச் சுருக்க வைக்கும் ஒரு வாசனை எங்கள் தெருவரைக்கும் வரும். "சிலிப்பர் கட்டை" என்று நாங்கள் சொன்ன அவற்றைப் பெயர்த்துவிட்டு சிமெண்டுக் கட்டைகளைப் போட்டார்கள். அந்த வாசனை போயிற்று. அதோடு எங்கள் ஊர் ஸ்டேஷனும் போயிற்று.

ஸ்டேஷன் என்று நாங்கள்தான் பெருமைக்குச் சொல்லிக்கொண்டோம். செந்துறைக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு புளியமரம், ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை, மொத்தமே அவ்வளவுதான். ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை, சிக்னலும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களை மட்டம்தட்ட "ஆல்ட்டு" என்பார்கள், வண்டி சும்மா நின்று போகும் இடம் என்ற அர்த்தத்தில். டிக்கெட் கொடுப்பவர் கலியபெருமாள் மாமா. தையல்காரரான அவர், வண்டி வரும் நேரத்துக்குக் கழுத்தில் தொங்கும் டேப்பைக்கூட எடுக்காமல் சைக்கிளில் வந்து இறங்குவார்.

அந்த ஸ்டேஷனுக்கு ஒரு வரலாறு உண்டு. கரி வண்டி ஓடிய காலத்தில் எங்கள் ஊர் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் தண்டவாளத்தோரம் நின்று கை காட்டினார்களாம், டிரைவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டாராம். "நம்ம ஆளுங்க கை காட்டுனாங்க, வண்டி நின்னுச்சு. அதுக்கப்பறந்தான் கவர்மெண்டு வந்து பலகை நட்டுச்சு" என்று என் அப்பா சொல்வார். உண்மையோ பொய்யோ, ஊரே அதை நம்பியது. அதனால், பாசஞ்சர் எங்கள் ஊரில் எப்படியும் நிற்கும் என்று தெரிந்திருந்தும், வளைவில் எஞ்சின் தலை தெரிந்ததும் முன்னால் நிற்கும் ஒருவர் டவுன் பஸ்ஸுக்குக் காட்டுவதுபோல் கையை நீட்டியாக வேண்டும். நீட்டாமல் விட்டு, வண்டி நிற்காமல் போய்விட்டால் யார் பொறுப்பு?

எனக்கு எட்டு வயதானபோது காலையில் அந்தக் கையை நீட்டியவள் என் அக்கா மலர்க்கொடி. எங்கள் உறவில் கல்லூரிக்குப் போன முதல் பெண். ஏழு மணி பாசஞ்சரை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. பஸ்ஸுக்கு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அந்த முதல் பஸ் அரியலூர் போய்ச் சேரும்போது பாதி வகுப்புகள் முடிந்திருக்கும்.

அகலப் பாதை போடும் வேலைக்காக வண்டிகளை நிறுத்தியபோது அக்காவை அரியலூரில் சித்தி வீட்டில் விட்டார்கள். வேலை முடியும் சமயத்தில் சித்தி குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட, வண்டி விட்டதும் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று அவள் புத்தகங்களோடு ஊருக்கு வந்து காத்திருந்தாள். அப்போதுதான் கலியபெருமாள் மாமா சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமலே சொன்னார்.

"புது டைம்டேபிள்ல நம்ம ஊரு பேரு இல்ல மச்சான்."

மனு எழுதிப் போட்டார்கள், பதில் வரவில்லை. அப்பா மட்டும் அசரவில்லை. "பேரு இல்லாட்டி என்னா? முன்னாடி மட்டும் இருந்துச்சா? ஊரே நின்னு கை காட்டுனா நிறுத்தாமயா போயிடுவான்? அவனும் மனுசந்தான."

புது வண்டி வந்த அன்று ஊரே தண்டவாளத்தோரம் நின்றது. எல்லோருக்கும் முன்னால் அக்கா, தலைக்குக் குளித்து, இரட்டைச் சடை போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். எஞ்சின் முகப்பில் வாழைக்கன்றும் மாவிலையும் கட்டியிருந்தது. அக்கா கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் நீட்டினோம்.

டிரைவர் எங்களைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. வழிநெடுக ஊர் ஊராக ஜனங்கள் புது வண்டிக்குக் கையாட்டி அனுப்பியிருப்பார்கள் போலும். எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, சந்தோஷமாகக் கையாட்டிக்கொண்டே போனார். எங்களுக்காக நீளமாக ஒரு ஹாரனும் அடித்தார். பெட்டி பெட்டியாக எல்லோரும் கையாட்டினார்கள். நானும் குதித்துக் குதித்துச் சிரித்தபடி கையாட்டினேன். கடைசிப் பெட்டி போய்ப் புழுதி அடங்கியபோதும் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா நீட்டிய கையை இறக்காமலே திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு அறை கொடுத்திருந்தால் தேவலை.

"நாளைக்கு வேற டிரைவரு வருவாரு" என்றார் அப்பா. இன்னும் மூன்று நாள் அப்பாவும் அவளும் போய் நின்றார்கள். மூன்று டிரைவர்களும் கையாட்டினார்கள். ஐந்தாம் நாள் காலை அக்கா புத்தகங்களைத் துணியில் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டு, அம்மாவோடு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். அடுத்த வருடம் மீன்சுருட்டியில் கட்டிக்கொடுத்தார்கள்.

சில வருடங்கள் கழித்து எங்கள் ஊருக்குள்ளேயே காலை பஸ் விட்டார்கள். அதில் ஏறி அதே கல்லூரிக்குப் போய் நான் பட்டம் வாங்கினேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்தப் பாதையில் மின்சார வண்டி ஓடுகிறது. கொட்டகை இல்லை, மஞ்சள் பலகை இல்லை, டிக்கெட் கொடுத்த கலியபெருமாள் மாமாவும் இல்லை. புளியமரம் மட்டும் நிற்கிறது, அதுவும் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அக்காவும் நானும் அரியலூரில் ஏறி விருத்தாசலம் போனோம். புளியமரத்தடியில் நாலைந்து பிள்ளைகள் நின்று வண்டியைப் பார்த்துக் கைகளை உயர்த்தினார்கள். என்னையறியாமல் நானும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டாதடி" என்றாள். "நிக்கும்னு புள்ளைங்க நெனச்சுக்கும்."