கலப்புக் கோல்

லிஃப்ட்காரர் என்றுதான் அவரை எல்லோரும் அழைத்தார்கள். நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் உத்தியோகம். கிளம்பும்போதே போனில் சொல்லிவிடுவார்: "பதறாதீங்க. கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்கு." அந்தக் குரலைக் கேட்டு அழுகையை நிறுத்தாதவர் கிடையாது. ஊரையே விடுவித்த அந்த மகான் ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அவருடைய வாய்.

கல்யாணமான புதிதில் மாமனார், "தூண்டில் போடறதெல்லாம் உண்டா மாப்ள?" என்று கேட்டார். மரியாதைக்கு, "ரொம்ப ஆசை மாமா" என்று சொல்லிவைத்தார். வேலையில் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசரும் அதையே கேட்க, அங்கேயும் அதே ஆசையை அவிழ்த்துவிட்டார். உண்மையில் அவருடைய ஒரே ஆசை, ஞாயிறு மதியம்வரை போர்வைக்குள் சுருண்டு கிடப்பது. அன்றிலிருந்து ஒரு ஞாயிறு மாமனார் படகு, மறு ஞாயிறு சூப்பர்வைசர் படகு.

ஏரி ஒன்றுதான்; கட்சிதான் வேறு. இருவரும் வீசுவது கிராங்க்பெய்ட் என்கிற பிளாஸ்டிக் பொய்மீன். வீசிவிட்டு ரீலைச் சுற்றினால், மூக்கிலுள்ள தகட்டால் தண்ணீருக்குள் முங்கி, இடுப்பை ஆட்டிக்கொண்டு வரும். தூண்டில் கோல் விஷயத்தில் மாமனார் கண்ணாடியிழைக் கட்சி. அந்தக் கோல் நிதானமாக வளையும். மீன் நன்றாகக் கவ்வ அவகாசம் தரும். சூப்பர்வைசர் கிராஃபைட் கட்சி. எடையே தெரியாது; அடியில் பொய்மீன் கல்லில் இடித்தால்கூடக் கைக்குச் சேதி வந்துவிடும்.

"மீன் வாயைத் திறக்கறதுக்குள்ள வெடுக்குன்னு இழுத்துடுவான் உங்க ஆளு" என்பார் மாமனார். "உங்க மாமனார் கையில இருக்கறது கோலாய்யா? ஒட்டடைக் குச்சி" என்பார் சூப்பர்வைசர். இரண்டுக்கும் தலையாட்டி, லிஃப்ட்காரரின் கழுத்து பொய்மீனைவிட நேர்த்தியாக ஆடப் பழகிவிட்டது.

இரவல் கோலில் ஓட்டிய காலம் ஒருநாள் முடிந்தது. சொந்தக் கோல் வாங்கச் சொல்லி இருவரும் ஒரே வாரத்தில் உத்தரவு போட்டார்கள். கண்ணாடியிழை வாங்கினால் ஷிஃப்ட் போடுகிறவரின் பகை. கிராஃபைட் என்றால் வீட்டில் சோறு போடுகிறவளின் பகை. "எதை வேணா வாங்குங்க. எங்கப்பா முகம் வாடினா மட்டும் என்கிட்ட வராதீங்க" என்று மனைவி முழுச் சுதந்திரம் கொடுத்தாள்.

இரண்டையும் கலந்து செய்த கோலும் உண்டு என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். லிஃப்ட்காரருக்குப் பொறி தட்டியது. எதிர்க்கட்சிக்கு ஓடிவிட்டான் என்று யாரும் பழிவாங்க முடியாது; அதே சமயம், இவன் எதற்கும் உதவாதவன் என்று இருவரும் தலைமுழுகிவிடுவார்கள். ஞாயிறு திரும்பக் கிடைக்கும். போர்வையை நினைத்துக்கொண்டே வாங்கினார்.

மாமனார் கோலை வளைத்துப் பார்த்தார். கண் கலங்கியது. "பாதி நம்ம பக்கம் வந்துட்டீங்க மாப்ள. மீதியை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் கோலைப் பார்த்த சூப்பர்வைசர் அவர் தோளில் கை போட்டார். "பாதி தேறிட்டய்யா. மீதியை அந்தப் பெரியவர் கெடுக்க விடுவேனா? இனிமே ஒரு வாரம்கூட விடாம நானும் வர்றேன்."

அந்த மீதியை எதிரியிடம் விட்டுவைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. விளைவு, ஆளுக்கு ஒன்றுவிட்ட ஞாயிறு என்றிருந்தது இருவருக்கும் எல்லா ஞாயிறாகி, இரண்டு படகு ஒரே படகானது. முன்னால் மாமனார், பின்னால் சூப்பர்வைசர், நடுப்பலகையில் லிஃப்ட்காரர். எழுந்தால் படகு சாயும்.

முதல் ஞாயிறே அவர் கோலில் ஒரு மீன் கவ்வியது. "விட்டுப் பிடிங்க மாப்ள" என்றது முன்பக்கம். "இழுய்யா" என்றது பின்பக்கம். அவர் பாதி விட்டு, பாதி இழுத்தார். மீன் முழுசாகப் போய்விட்டது. கோலின் எந்தப் பாதி குற்றவாளி என்ற விசாரணை ஆரம்பமானபோது போன் அடித்தது. லிஃப்டில் ஒரு அம்மாள் மாட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வேற ஆளை அனுப்பிக்கலாம், நீ உக்காருய்யா" என்றார் சூப்பர்வைசர். "அதான் சரி" என்றார் மாமனார். இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

லிஃப்ட்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "பதறாதீங்கம்மா. கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்கு."

அந்த அம்மாளுக்குச் சீக்கிரமே ஆள் வந்து சேர்ந்தது.