உறைந்த மருந்தும் வராத ஒரு வாக்கியமும்

தன் எதிரியை அவர் முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தது ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு. சந்தித்த இடம், அவருடைய இடது முன்கை. ஒவ்வாமை மருத்துவர் அந்தக் கையில் வரிசையாகச் சொட்டுகளை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசிமுனையால் மெல்லக் குத்திவிட்டு, சொறியாமல் உட்காரச் சொல்லியிருந்தார். மற்ற இடங்கள் சாதுவாக இருந்தன. ஒரே ஓர் இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் தொடங்கி, சட்டைப் பொத்தான் அளவுக்குத் தடித்துச் சிவந்தது.

"இது என்ன மேடம்?"

"வீட்டுத் தூசியில இருக்கிற உண்ணி. கண்ணுக்குத் தெரியாது. மெத்தை, தலையணை, சோபா, இங்கதான் குடியிருக்கும். நம்ம உடம்புல உதிர்ற தோல்தான் அதுக்குச் சாப்பாடு. அதோட கழிவு மூக்குல ஏறினா உங்களுக்கு ஆகாது."

"அப்போ இது சளி இல்லையா?"

"சளி இல்லம்மா. மூக்கு ஒவ்வாமை. கூடவே ஆஸ்துமாவும் இருக்கு."

வேறொருவராக இருந்தால் காரணம் தெரிந்துவிட்டதே என்று நிம்மதி அடைந்திருப்பார். அவருக்கோ உச்சந்தலை வரை கோபம் ஏறியது. தலையைச் சரியாகத் துவட்டவில்லை என்றவர்கள், மனசுதான் காரணம் என்றவர்கள், வேலைக்குச் சுணங்கி மூச்சு வாங்குகிறாள் என்றவர்கள் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக நினைவுக்கு வந்தார்கள். இத்தனை வருடம் இவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே பாதி மூச்சு போய்விட்டது. அந்தப் பதில் தன் கைத்தோலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

அவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் வெடியக்கா. தும்மலுக்கு வைத்த பெயரா கோபத்துக்கு வைத்த பெயரா என்று யாரும் விளக்கியதில்லை. இரண்டும் வரிசையாகத்தான் வரும். பழைய மெத்தையைக் கொடுத்துப் புதியதை வாங்கிச் செல்லும் திட்டம் அந்தக் கடையின் பெருமை. வாங்கிய பழையவை பின்கட்டில் கூரை முட்ட அடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் சில, மேல்துணி மாற்றப்பட்டு முன்கட்டுக்கே திரும்பி வரும் என்பது கடையில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத செய்தி.

மருத்துவர் சிகிச்சையை விளக்கினார். எந்த உண்ணி ஆகாதோ, அதிலிருந்து எடுத்த சத்தையே மிகச் சிறிய அளவில் தோலுக்கடியில் ஏற்றி, வாரா வாரம் அளவைக் கூட்டி, பிறகு மாதம் ஒருமுறையாக மூன்று வருடத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். உடம்பு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். மூச்சு இரைக்கும் நாளில் ஊசி கிடையாது. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். வெடியக்கா பெயரில் தயாராகி வரும் மருந்துப் புட்டியை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, ஊசி நாளன்று ஐஸ் டப்பாவில் எடுத்து வர வேண்டும்.

வீட்டில் செய்தி எடுபடவில்லை. கணவர் பேருந்து ஓட்டுநர். சண்டை வரும்போலிருந்தால் காலி டம்ளரோடு சமையலறைக்குள் போய்விடுவார். கணவரின் அக்கா, அதாவது நாத்தனார், தன் புருஷன் வீட்டோடு ஒத்துப்போகாமல் தம்பி வீட்டுக்கு வந்து பல வருடம் ஆகிறது. சிகிச்சையைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

"ஆகாத பூச்சியையே ஊசியில ஏத்துவாங்களா? எனக்கு என் மாமியார் ஆகாது. அவங்களையும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தச் சொல்லேன், பழகிக்கிறேன்."

"எனக்கு நீங்க ஆகல அண்ணி," என்றார் வெடியக்கா. "உங்களத்தான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஏத்திக்கிட்டு இருக்கேன். இன்னும் பழகல."

சமையலறையில் டம்ளர் உருண்டது.

வியாழன்தோறும் காலையில் அனுமதி கேட்பது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததை நேரே சொல்லும் துணிவும் இல்லை. ஒருநாள், "இனிமே நீங்க பின்கட்டைப் பாருங்கம்மா, பழைய மெத்தை கணக்குக்கு ஆள் இல்ல," என்று குழைந்தார். எந்த இடம் வெடியக்காவுக்கு விஷமோ அந்த இடத்துக்கே அனுப்புகிறார் என்பது முதலாளிக்கும் தெரியும். அப்போது முன்கட்டில் ஒரு தம்பதி மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போறேன் சார்," என்றார் வெடியக்கா, கடை முழுக்கக் கேட்கும்படி. "அங்க நான் செத்துக் கிடந்தா, என் மேலயும் புதுத்துணி போர்த்தி முன்னாடி கொண்டாந்து வித்துடுவீங்கல்ல?"

அமுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. பின்கட்டுப் பேச்சும் அன்றோடு நின்றது.

ஐந்தாறு மாதங்களில் காலைத் தும்மல் குறைந்தது. படி ஏறினால் நெஞ்சு இறுகவில்லை. இழுப்பு மருந்தைத் தேடிப் பைக்குள் கை துழாவுவது அபூர்வமாயிற்று. பிறகு, காரணமே இல்லாமல், எல்லாம் மெல்லத் திரும்பி வந்தன. மூக்கு அடைத்தது, விடியலில் நெஞ்சு கீச்சிட்டது. ஊசி நாளன்று மூச்சின் வேகத்தை அளக்கச் செவிலியர் நீட்டும் குழாயில் ஊதினால் முள் பாதியிலேயே நின்றது. இரண்டு முறை ஊசி போடாமலே திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்திருந்த கணவரின் சித்தப்பா தீர்ப்பு வழங்கினார். "நான் அப்பவே சொன்னேன். ஊசியெல்லாம் ஏமாத்து வேலை. இவளும் இவ மூக்கும்." நாத்தனாரும் தலையை ஆட்டினார். வெடியக்காவுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. வாயடைத்துப் போனதைவிட, அதைத் தோல்வி என்று அவர்கள் எடுத்துக்கொண்டதுதான் எரிந்தது. ஊசியை விட்டுவிடுவோமா என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக நினைத்தார். விட்டுவிட்டால் இனி ஆயுள் முழுக்கச் சித்தப்பா சொன்னதே சரி.

அடுத்த முறை செவிலியர் புட்டியைத் திருப்பிப் பார்த்தார். "லேபிள் பாதி கிழிஞ்சிருக்கே. எங்க வைக்கிறீங்க?"

"ஃபிரிட்ஜ் கதவுலதான்."

ஞாயிற்றுக்கிழமை, மீன் எடுக்க வெடியக்கா உறைபெட்டியைத் திறந்தார். உட்சுவரின் பனியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தார். அதில் அவர் பெயரின் பின்பாதி இருந்தது.

"அண்ணி! என் மருந்தை ஐஸ் பெட்டிக்குள்ள வச்சது யாரு?"

"நான்தான். ஏன் கத்துற? கரண்ட் போறப்பல்லாம் அதுக்குள்ள வச்சுக் காப்பாத்தினேன். வந்ததும் எடுத்துக் கதவுல வச்சிடுவேன். மீனெல்லாம் கெடாம இருக்குல்ல?"

"நான் மீனா?"

"குளிர்ச்சியா இருக்கணும்னு நீதானே சொன்னே!"

"குளிர்ச்சின்னு சொன்னேன். உறைய வைங்கன்னா சொன்னேன்? உறைஞ்சா மருந்து செத்துடும்! மாசக்கணக்கா செத்த தண்ணியக் குத்திக்கிட்டு வந்திருக்கேன். ஊசி வேலை செய்யலன்னு தலைய வேற ஆட்டுனீங்க!"

அன்றைய சண்டை மாடிவீட்டுக்காரர்கள் இறங்கி வந்து விசாரிக்கும் அளவுக்கு வளர்ந்தது. கணவர் டம்ளரோடு தெருவுக்கே போய்விட்டார். கடைசியில் நாத்தனார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடதுதான். சித்தப்பாகிட்டயும் மத்தவங்ககிட்டயும் நானே சொல்லிடறேன். ஊசி மேல குத்தம் இல்ல, நான்தான் கெடுத்தேன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன். போதுமா?"

"போதாது. ஆனா சொல்லுங்க."

புதுப் புட்டி வந்தது. பழைய அளவில் தொடர முடியாது; மிகச் சிறிய அளவுக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏற வேண்டும் என்றார் மருத்துவர். ஏறிய படிகளை இன்னொருத்தி செய்த தவறுக்காக இறங்குவதைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை. அந்த வியாழக்கிழமை நாத்தனார் அழைக்காமலே கூட வந்தார். ஐஸ் டப்பாவைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். அடுத்த வியாழனும் வந்தார். வேண்டாம் என்று வெடியக்கா முகத்தில் அடித்தாற்போல் சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை.

அளவு நன்றாகக் கூடியிருந்த ஒருநாள், ஊசி போட்டுச் சற்று நேரத்தில் முதலாளியிடமிருந்து அழைப்பு. பெரிய விடுதி ஒன்றிலிருந்து ஆள் வந்திருக்கிறார், உடனே வர வேண்டும். வெடியக்கா பையை எடுத்தார். நாத்தனார் பையையும் பிடுங்கினார், கைபேசியையும் பிடுங்கினார்.

"ஹலோ, நான் அவ நாத்தனார் பேசறேன். அரை மணி ஆகாம எழுந்திரிக்க மாட்டா. அதுக்குள்ள உங்க மெத்தை எழுந்து ஓடிடுமா?"

"அண்ணி, வேலை போயிடும்!"

"போகட்டும். உட்காருடி."

எரிச்சலோடு உட்கார்ந்த சில நிமிடங்களில் உள்ளங்கை அரித்தது. பிறகு காது மடல். தொடர்ந்து இருமல், தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்துவதுபோல் இருந்தது. நாத்தனார் போட்ட கூச்சலில் செவிலியர் ஓடி வந்து தொடையில் அட்ரினலின் ஏற்றினார். மருத்துவர் வந்தார், ஆக்சிஜன் வந்தது. சாயங்காலம் வரை படுக்க வைத்தார்கள். பேருந்தில் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நாத்தனார் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு முதலாளியின் ஏழு தலைமுறையையும் வைதுகொண்டிருந்தார். அளவைக் குறைத்து மருத்துவர் மறுபடி தொடங்கினார். அதற்குப் பிறகு அப்படி நேரவில்லை.

இதனால் இருவரும் ஒட்டி உறவாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். துணி காயப்போடுவதிலிருந்து தொலைக்காட்சி வரை சண்டை முன்னைப் போலவே நடந்தது. மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் உறை போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை நாத்தனார் வீடு முழுக்க நிறைவேற்றினார். விரிப்புகளை வாரா வாரம் கொதிநீரில் அலசி, அலசியதைப் பத்து தடவை சொல்லியும் காட்டினார். சொல்லாதது ஒன்றுதான். சித்தப்பாவிடம் சொல்வதாகச் சொன்ன அந்த வாக்கியம்.

மூன்றரை வருடம் கழித்து மருத்துவர் ஊசியை நிறுத்தினார். இழுப்பு மருந்து பையில் கிடந்தாலும் மாதக்கணக்கில் வெளியே வருவதில்லை. உறவினர்கள் கூடிய ஒரு மதியச் சாப்பாட்டில் சித்தப்பா வாய் திறந்தார்.

"இப்போ மூச்சு நல்லா இருக்குன்னா அது ஊசியாலன்னு நான் நம்ப மாட்டேன். நடுவுல ஒரு தடவை வேலையே செய்யலையே! ஏம்மா, நீயே சொல்லு," என்று நாத்தனாரைப் பார்த்தார்.

நாத்தனாரின் விரல் டம்ளர் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வெடியக்காவுக்கு உச்சந்தலை சூடேறியது. ஒரே சொல் போதும். மருந்து உறைந்த கதை முழுவதும் வெளியே கொட்டிவிடும். முதலாளியிடம், வாடிக்கையாளரிடம், கணவரிடம் என்று எந்த இடத்திலும் பதிலைப் பாக்கி வைத்து அறியாதவர் அவர். மூச்சை ஆழமாக இழுத்தார். அது தடையில்லாமல் அடி வரை போனது.

"சித்தப்பா," என்றார், "வாயில சோத்தை வச்சுக்கிட்டுப் பேசினா உங்களுக்குத்தான் மூச்சு முட்டும். தண்ணியக் குடிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. அந்த வாக்கியம் இன்றுவரை வந்து சேரவில்லை; வெடியக்காவும் அதைக் கேட்கவில்லை.