புதினா மாஸ்டரின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கு வயிற்றில் புளியைக் கரைப்பது புதிய செய்தியல்ல. ஸ்டியரிங் ஒருவர் கையில், உயிர் இன்னொருவர் கையில் என்று காலடியில் தனக்கென ஒரு பிரேக்கோடு பக்கத்து இருக்கையில் நாளெல்லாம் உட்கார்ந்தால் வேறென்ன கரையும்? இவரும் வகுப்புக்கு வகுப்பு பால் டீயாக ஊற்றி ஊற்றி வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். "பால் டீயைக் கொஞ்ச நாள் விடுங்க. பெப்பர்மின்ட் டீ குடிச்சுப் பாருங்களேன்" என்று டாக்டர் போகிற போக்கில் சொல்லி வைத்தார். சொன்னவர் அன்றே மறந்துவிட்டார். கேட்டவர் தீட்சை வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அவருடைய வகுப்பில் பாதி நேரம் கார் ஓடும், மீதி நேரம் மரத்தடியில் நிற்கும். பிளாஸ்கில் வெந்நீர், சின்ன டப்பாவில் உலர்ந்த இலை, மூடி போட்ட டம்ளர் எல்லாம் வரிசையாக வெளியே வரும்.

"இலையைப் போட்டுக் கொதிக்க விடக் கூடாது. வெந்நீர ஊத்தினதும் மூடிடணும். வாசனை பறந்து போச்சுன்னா நீங்க குடிக்கிறது வெறும் வெந்நீர்தான்" என்பார். மூடியைத் திறந்ததும் பாய்ந்து குடிப்பது காட்டுமிராண்டித்தனம். முதலில் மூக்கு, அப்புறம்தான் நாக்கு. ஒரு வாய் விழுங்கி, லேசாக வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தால், அத்தனை சூட்டுக்கும் அடியிலிருந்து ஒரு சில்லிப்பு கிளம்பும். அதற்குத்தான் இவ்வளவு பாடும். சர்க்கரை கேட்ட மாணவர் யாரும் அன்றைக்கு ரிவர்ஸ் கற்றுக்கொண்டதில்லை. "ஓ, புதினா டீயா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "புதினா வேற, பெப்பர்மின்ட் வேற!" என்று அதற்குத் தனி வகுப்பு நடக்கும். அதனாலேயே ஊரெல்லாம் அவரைப் புதினா மாஸ்டர் என்றது.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. குடிக்கும்போது ஷூவைக் கழற்றிக் காலைத் தளர விட வேண்டும். "கால் இறுகியிருந்தா டீ தொண்டைக்குக் கீழ இறங்காதுங்க. மனசு அமைதியா இருக்கறது கால்லதான் தெரியும்." மாஸ்டர் மட்டும் ஷூவைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. உபதேசம் செய்கிறவருக்கு எப்போதும் விலக்கு உண்டுதானே!

அவரிடம் படித்தவர்களுக்கு ஒரு பொதுவான குறை இருந்தது. டெஸ்ட் அன்று காரைக் கிளப்பியதும் அது கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். அடுத்த நிமிடமே ஆள் தோற்றிருப்பார். "பதட்டம். டீயை முறையாக் குடிக்கல" என்று மாஸ்டர் தீர்ப்பு எழுதிவிடுவார். அந்தக் காரில் மட்டும் பிரேக் கட்டை ஏன் இப்படித் தேய்கிறது என்று மெக்கானிக்கும் தலையைச் சொறிந்து பார்த்தார். உள்ளே எப்போதும் லேசாக ஒரு கருகல் வாடை அடிக்கும். பெப்பர்மின்ட் வாசனையில் அதுவும் அமுங்கிப் போய்விடும்.

மாஸ்டரின் நீண்டநாள் மாணவி அவருடைய மனைவிதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நல்ல வேலை ஒன்று அவருக்கு வாய்த்திருந்தது. அதற்கு லைசென்ஸ் வேண்டும். மாதக் கடைசிக்குள் இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"ஏங்க, வண்டி ஏன் இவ்ளோ கனமா இழுக்குது?" என்று அந்த அம்மா கேட்காத நாளில்லை.

"வண்டின்னா அப்படித்தான் இருக்கும். உனக்கு இன்னும் பிடிபடல. வா, டீ குடிக்கலாம்."

இப்படியே டெஸ்டைத் தள்ளித் தள்ளிப் போட்டவரை இந்த முறை மனைவி விடவில்லை. தேதியைத் தானே வாங்கிவிட்டார்.

டெஸ்ட் மைதானத்தில் மாஸ்டரின் காரையே மனைவி எடுத்தார். மாஸ்டரின் இருக்கையில் அதிகாரி ஏறிக்கொண்டார். மாஸ்டர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து டீயை மூடி வைத்துவிட்டு, முறைக்குக் காத்திருந்த இளைஞன் ஒருவனுக்கு அமைதியைப் பற்றி எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

கார் கிளம்பியதும் துள்ளியது. மாஸ்டரின் கை பட்டு டம்ளர் சரிந்து பேன்ட் நனைந்தது. கார் நிற்கவில்லை. ஒரு வினாடி தயங்கியது, அப்புறம் வழுக்கிக்கொண்டு போனது. வளைவில் திரும்பியது, மேட்டில் ஏறியது, ரிவர்ஸில் கோட்டுக்குள் வந்து நின்றது. அவளா ஓட்டுகிறாள் என்று மாஸ்டருக்கு நம்ப முடியவில்லை.

"சார், உங்க கால்..." என்றான் இளைஞன்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். வலது கால் மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தது. ஷூவுக்கு அடியில் நன்றாக ஒரு குழி விழுந்திருந்தது. கார் திரும்பிய ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவர் பெஞ்சிலிருந்தே பிரேக் போட்டிருக்கிறார். காலை எடுக்கப் பார்த்தார். சட்டென்று எடுக்க வரவில்லை. வகுப்பிலும் இந்தக் கால் பிரேக்கை விட்டு எழுந்ததே இல்லை; பழக்கம் அப்படி. தோற்றுப்போன மாணவர்களின் முகங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. மெக்கானிக்கின் முகமும் வந்தது. மனிதருக்குக் காது சிவந்துவிட்டது.

மனைவி சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"பாஸுங்க! மொதல்ல துள்ளிச்சு, பயந்தே போயிட்டேன். அப்புறம் ஆக்ஸிலரேட்டர்ல காலை லேசா வச்சேன். வண்டி இவ்ளோ சுலபமா போகும்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றவர், பெஞ்சுக்கு அடியிலிருந்த குழியைப் பார்த்தார். குழிக்குள் இருந்த ஷூவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இத்தன வருஷமா வண்டி கனமில்ல. இந்தக் கால்தான் கனம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் மாஸ்டர் பெப்பர்மின்டைத் துணைக்கு அழைத்திருப்பார். "பயம்மா" என்றார் மெதுவாக. "உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

"எனக்கு மட்டுமா? படிக்க வந்தவங்க எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். எனக்கும்."

மனைவி மேற்கொண்டு திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "ஏறுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். மாஸ்டர் பக்கத்தில் ஏறியதும் கால் தானாக பிரேக்கைத் தேடிப் போனது.

"ஷூவைக் கழட்டுங்க."

"இங்கயா?"

"உங்க விதிதானே? கழட்டி, காலைத் தூக்கி மேல வச்சுக்குங்க. டீயும் குடிங்க."

மாஸ்டர் வேறு வழியில்லாமல் ஷூவைக் கழற்றினார், இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டார், பிளாஸ்கில் மிச்சமிருந்ததை ஊற்றி மூடி வைத்தார். கார் நகர்ந்தது. முதல் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது திருப்பத்தில் ஒரு கண்ணைத் திறந்தார். மரத்தடியைக் கடந்தபோதும் கார் நிற்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுக் காற்றை இழுத்தார். அவர் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த அந்தச் சில்லிப்பு நிஜமாகவே இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று மனைவி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"வாசனை..." என்று தொடங்கினார் மாஸ்டர்.

"அதைத்தான் கேக்கறேன்" என்ற மனைவி, நாலு பக்கமும் கண்ணாடியை இறக்கினார். காலுறை நாற்றத்தின் முன்னால் பெப்பர்மின்ட் எடுபடவில்லை.